மலைநாட்டு எழுத்தும் தவறிய சிறுவனும்

மணிமேகலைக் காவியத்தின் பத்தொன்பதாங் காதை 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை' எனப் பெயர் பெறும். காயசண்டிகை வடிவிற் சிறைச்சாலையுட் புகுந்த மணிமேகலை, பசியால் வாடிய சிறையோர்க்கு அமுதசுரபியினின்றும் உணவளித்து, பின்னர்ச் சோழ மன்னனை வேண்டி அச்சிறையையே அறம் விளையும் இல்லமாக மாற்றுவித்தாள். தண்டித்தல் வேறு, திருத்துதல் வேறு என்னும் எண்ணத்தை மேல்நாட்டாரே நமக்குக் கற்பித்தனர் என்று கூறுவோர் இக்காதையை ஒருமுறை படித்தல் நன்று. ஆயின், சாத்தனாரைப் போற்றும் நாம் அவர் சொல்லாது விட்டதனையும் நோக்குதல் வேண்டும். கோட்டம் மாறிய வரலாறு காவியத்தில் உண்டு. அக்கோட்டத்தினின்றும் வெளியேறிய மக்கள் எவ்வூர் சென்றனர், வாசலில் நின்று அவரை வரவேற்றவர் யாவர், பழைய பெயரை அவர் எங்ஙனம் சுமந்தனர் என்பன இல்லை. பெருங்காவியம் இவற்றையெல்லாம் சொல்லியிருத்தல் வேண்டுமென்பது எம் கருத்தன்று. சிறுகதை சொல்லலாமே என்பதே எம் வினா.

இவ்வினாவை ஈழத்து மலைநாட்டு இலக்கியத்தின் முன் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்கள் நம் புனைகதைக்கு அளித்த மாந்தர் பலர். கங்காணி வந்தார், கணக்கப்பிள்ளை வந்தார், துரையும், கொழுந்தெடுக்கும் பெண்ணும், தப்படிப்போனும் வந்தனர். பள்ளியை விட்டு நீங்கிக் கொழும்பிலே கடைக்கும் வீட்டு வேலைக்கும் அனுப்பப்பட்டு, அங்கிருந்து ஓடி, புகையிரத நிலையத்திலோ சந்தையிலோ பொலிசாரிடம் அகப்பட்டு, நீதவான் முன் நிறுத்தப்பட்ட சிறுவன் மாத்திரம் அக்கதைகளின் ஓரத்திலேயே நின்றுவிட்டான். தோட்டத்தை அறிந்தவர் எவரும் அவனை அறியாதிருத்தல் இயலாது. லயத்துக்கொருவனாயினும் அத்தகைய பிள்ளையைப் பற்றிய பேச்சு அடங்கிய குரலில் நடந்தே வருகின்றது.

அவன் சென்றடையும் இடம் யாது? 1939ஆம் ஆண்டிலே இலங்கையில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று சிறுவர், இளம்பராயத்தினர் பற்றிய கட்டளைச் சட்டம். மற்றது இளங்குற்றவாளிகள் பயிற்சிப் பாடசாலைக் கட்டளைச் சட்டம். முன்னையது இயற்றப்பட்டபோது பதினான்கு வயதுக்குட்பட்டோரைச் சிறுவர் எனவும், பதினான்கு முதல் பதினாறு வரையிலானோரை இளம்பராயத்தினர் எனவும் வகுத்தது. அவர்க்கெனத் தனி நீதிமன்றும் 'சான்று பெற்ற பாடசாலை' என்னும் இல்லமும் கண்டது. மக்கொன, மாக்கொல, ஹிக்கடுவை, கெப்பெட்டிப்பொலை முதலிய ஊர்களில் அத்தகைய பாடசாலைகள் அமைந்தன. தமிழ்ப் பிரதேசத்தில் யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் ஒன்று அமைந்தது. வயதில் மூத்த இளைஞர்க்குப் பதுளை மாவட்டத்துத் தல்தெனையிற் சீர்திருத்த நிலையம் எழுந்தது. குற்றப் பொறுப்பு வயது நெடுங்காலம் எட்டாகவே இருந்து, 2018ஆம் ஆண்டின் திருத்தத்தினாற்றான் பன்னிரண்டாயிற்று. எட்டு வயதுக் குழந்தையைக் குற்றமனமுடையதெனக் கருதக்கூடிய சட்டத்தோடு நாம் இத்தனை காலம் வாழ்ந்தோம் என்பது நினைக்கவே கூசுகின்றது.

இச்சட்டத்தின் அமைப்பில் நம் கருத்துக்குரிய பகுதி ஒன்றுண்டு. திருடிய சிறுவனும், திருடாது 'பராமரிப்போ பாதுகாப்போ வேண்டி நிற்கும்' சிறுவனும் அதே நீதிமன்றின் முன் வரலாம். அதே பாடசாலைக்கும் செல்லலாம். கொடுமை தாளாது எசமானின் வீட்டை விட்டு ஓடியவனும், அவ்வீட்டிற் களவாடியவனும் அடுத்தடுத்த பாயிற் படுக்கின்றனர். ஓடுதலே குற்றமாகும் நிலை மலைநாட்டார்க்குப் புதியதன்று. 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கிய கூலியாளைச் சிறையிலிடலாம். ஒப்பந்தத்தை மீறிய துரைக்கு அத்தகைய சிறைவாசம் நேர்ந்த கதையை எவரும் சொல்லக் கேட்டிலேம். பாட்டன் ஓடியதற்காகச் சிறை சென்றான். பேரன் ஓடியதற்காகப் பாடசாலை செல்கின்றான். பெயர் மாறியுள்ளது.

இனி, இலக்கியத்தை நோக்குவாம்.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1930களில் எழுந்த நெடுங்கதை. ஈழத்துத் தேயிலைத் தோட்டத்தைத் தமிழ் வாசகர் நெஞ்சில் ஊன்றிய முதற் படைப்புகளுள் அது ஒன்று. அக்கதையிலே திருநெல்வேலிச் சீமைச் சிற்றூரிலிருந்து கணவன் சிறைக்குச் செல்கின்றான். மனைவி மருதி தோட்டத்திற்குச் செல்கின்றாள். சிறையையும் தோட்டத்தையும் ஒரே குடும்பத்தின் இரு கூறுகளுக்கு உரிய இடங்களாக ஆசிரியர் அமைத்தது தற்செயலன்று என்பது எம் துணிபு. அவரது சினம் மெய்யானது. எனினும் தோட்டத்திற் பிறந்து வளரும் மகள் வெள்ளைச்சியை அவர் தாயின் துன்பத்தினுடைய தொடர்ச்சியாகவே காண்கின்றார். கேணி என்னும் உருவகமே அவரைக் கட்டிவிட்டது. கேணியில் வீழ்ந்தவர் மூழ்குவரன்றி, ஏறிவருதல் கதையின் பெயருக்கே ஒவ்வாதாகின்றது.

சி. வி. வேலுப்பிள்ளையின் நிலை வேறு. மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியினின்றும் பாராளுமன்றம் சென்ற அவர், உள்ளிருந்து எழுதியவர். மலைநாட்டு நாட்டார் பாடற் றொகுப்பு அவர் தம் மக்களுக்குச் செய்த பெருந்தொண்டு. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் அங்கே உண்டு. அப்பாடல்களிற் குழந்தை தொட்டிலிற் கிடந்து கேட்கின்றது, கேட்டுக்கொண்டே இருக்கின்றது. வளர்ந்து, வாய் திறந்து, தாய்க்கு மறுமொழி சொல்லும் பிள்ளையை எம் செவி அத்தொகுதியில் நெடுநேரம் தேடிற்று. வாய்மொழி மரபின் இயல்பு அது, தொகுத்தவரின் குறையன்று. ஆயினும் அவரைப் பின்பற்றிய உரைநடையாளர் பலர் அத்தொட்டிற் குழந்தையையே பன்னிரண்டு வயது வரை தொட்டிலில் வைத்திருந்தனர் என்று சொன்னால் அது மிகையாகாது.

இரக்கம் இலக்கியத்திற்கு ஆகாது என்று யாம் வாதிக்கவில்லை. ஆனால் இரக்கத்திற்கு ஒரு விளைவு உண்டு. அதனை எழுத்தாளர் எண்ணிப் பார்ப்பதில்லை. நீதிமன்றுக்கு நன்னடத்தை உத்தியோகத்தர் ஓர் அறிக்கை அளிக்கின்றார். சிறுவனின் ஒழுக்கம், வீட்டுச் சூழல், பள்ளி வரலாறு, உடல்நிலை என்பவற்றை நீதவான் அறிதல் வேண்டுமென்பது சட்டத்தின் கருத்து, நல்ல கருத்தே. எம் நோக்கில் அவ்வறிக்கையும் ஓர் இலக்கிய வகையே. தோட்டத்துப் பிள்ளையைப் பற்றி எழுதப்படும் முதலாவதும், பெரும்பாலும் கடைசியுமான வாழ்க்கை வரலாறு அதுதான். அதிலே லயக் காம்பரா வரும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மூன்று தலைமுறை உறங்குவது வரும். குடிக்கும் தந்தை வருவார். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பொழுதுசாயத் திரும்பும் தாய் வருவாள். நம் சிறுகதைகளில் வருவனவும் இவைதாமே! லயமே பிள்ளையைக் கெடுத்தது என்று கதாசிரியர் கண்ணீரோடு எழுதுகின்றார். அவ்வாறாயின் லயத்தினின்றும் பிள்ளையை அகற்றுதலே மருந்து என்று நீதவான் கண்ணீரின்றி முடிவு செய்கின்றார். கதையின் தருக்கமும் கட்டளையின் தருக்கமும் ஒன்றே. இரண்டிலும் அவ்வறைக்குள் இருந்த வேறொன்று எழுதப்படாது போகின்றது.

அந்த வேறொன்று யாதென்பதற்குப் பசிபிக் மாகடலில் உள்ள ஒரு தீவின் வரலாறு துணைசெய்யும். ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த காவாய் என்னும் தீவில், 1955ஆம் ஆண்டிற் பிறந்த 698 குழந்தைகளை எமி வேர்ணர் என்னும் உளவியலறிஞரும் அவர் குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அக்குழந்தைகளுட் பலர், கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஆசிய நாடுகளினின்றும் வந்தோரின் வழித்தோன்றல்கள் என்பது நாம் கருதத்தக்கது. வறுமை, குடும்பப் பூசல், பெற்றோரின் குடி அல்லது உளநோய் எனப் பல இடர்களை ஒருங்கே எதிர்கொண்ட பிள்ளைகளுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் நல்ல திறமும் அன்பும் உள்ள இளைஞராக வளர்ந்தனர். அவர்களிடத்துப் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் முதன்மையானது, பெற்றோராயினும் பாட்டியாயினும் அயலாராயினும், தம்மை ஏற்றுக்கொண்ட ஒருவரேனும் இருந்தமை. அதனினும் வியப்புக்குரியது பின்னர்த் தெரிந்தது. இளமையிற் குற்றமிழைத்துப் பொலிசாரின் ஏட்டிற் பெயர் பதிந்தோருட் பெரும்பாலார் முப்பது வயதளவில் வழக்கின்றி வாழ்ந்தனர். ஒரு தொழில், ஒரு கல்வி வாய்ப்பு, ஒரு நல்ல திருமணம் என இரண்டாந் தவணையொன்று அவர்க்குக் கிட்டியிருந்தது.

ஆகவே லயத்து அறையில் அப்பாயி ஒருத்தி இருந்தாளா, பிள்ளைக் காம்பராவின் ஆயா அவன் பெயரை இன்னும் நினைவில் வைத்திருக்கின்றாளா, பள்ளியில் அவனைத் தேடிய ஆசிரியர் யாவர் என்பன அறிக்கையில் எழுதப்பட வேண்டியவை. கதையிலும் எழுதப்பட வேண்டியவை. அவனை மீட்கும் வழி அவ்வறைக்குள்ளேயே ஓர் மூலையில் இருந்திருக்கலாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. மீண்டெழுந்திறன் என்று இன்று பேசப்படும் பண்பைத் தேயிலைச் செடிக்கு ஒப்பிட்டு உரைப்பாருண்டு. கவ்வாத்து வெட்டியபின் மொட்டையாய் நிற்கும் செடி சில மாதங்களில் தளிர்ப்பதுபோல மலைநாட்டு மக்களும் எத்துயரினின்றும் தளிர்ப்பர் என்பது அவர் கூற்று. கேட்க இனிது, ஆயின் தோட்டத் தொழிலை அறியாதார் கூற்று. வேரிற் சேமித்த மாப்பொருள் போதாத செடி கவ்வாத்துக்குப் பின் பட்டுவிடும். அதனாலேயே அறிந்த துரைமார், வெட்டுமுன் வேரை அயடீன் கொண்டு சோதிப்பர். உயர்மலைப் பகுதிகளில் இலையோடு கூடிய ஓரிரு கிளைகளை வெட்டாது விட்டு, புதுத்தளிர் வந்தபின்னரே அவற்றை நீக்குவர். அக்கிளைகளாற்றான் செடி மூச்சுவிடும். செடிக்கு விட்டுவைக்கும் கிளையைச் சிறுவனுக்கு விட்டுவைத்தோமா? நுவரெலியாவிலிருந்து அச்சுவேலி செல்லும் தாய் இரு நாட் பேரை இழப்பாள். நாட்சம்பளம் 1000 ரூபாவானதே 2021ஆம் ஆண்டிற்றான். தெற்கிலுள்ள இல்லத்திற்குச் சென்றாலோ, அங்குள்ள பேச்சும் பலகையும் பெரும்பாலும் அவளுக்குப் புரியாத மொழியில் இருக்கும். இவ்வாறு எல்லாக் கிளைகளையும் வெட்டிவிட்டுத் தளிரை எதிர்பார்ப்பது எந்தத் தோட்டத்து முறையுமன்று. பொறுத்துக்கொள்ளல் வேறு, மீண்டெழுதல் வேறு. முன்னதைத் தோட்ட முதலாளிகள் நூற்றைம்பது ஆண்டுகளாகப் பாராட்டியே வந்துள்ளனர்.

சீர்திருத்த இல்லத்தையே களமாகக் கொண்ட பிறநாட்டு நூல்களுள் இரண்டை இவ்விடத்தில் ஒப்புநோக்குதல் பயன்தரும்.

1920இல் உக்ரேயினின் பொல்தாவா நகருக்கு அருகே, உள்நாட்டுப் போரால் அநாதைகளாகித் திருட்டிலும் கொள்ளையிலும் இறங்கிய இளைஞர்க்கென ஒரு குடியிருப்பை அந்தோன் மக்கரென்கோ தொடங்கினார். அவ்வனுபவத்தை 'கல்விக் காவியம்' என்னும் நூலாக 1930களில் எழுதினார். வருகின்ற பிள்ளையின் பழைய குற்றக் கோப்பை அவர் கருத்திற் கொள்வதில்லை. இன்றிலிருந்து நீ புதியவன் என்பதே அவர் கொள்கை. அக்காலத்திற்கு அது புரட்சி. ஆனால் மலைநாட்டுச் சிறுவன் விடயத்தில் இக்கொள்கை எமக்கு முழுதும் உவப்பானதன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவன் முன்னோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை வழக்கு நீண்டது. இத்தகைய சமூகத்துப் பிள்ளையிடம் 'உன் பழையதை மற' என்று கூறுவது, கோப்பை எரிப்பதோடு குலவரலாற்றையும் எரிப்பதாகிவிடலாம். குற்றத்தை மறக்கலாம், ஊரையும் உறவையும் மறக்கச் செய்தல் கூடாது. மக்கரென்கோவின் பிள்ளைகளுக்குத் திரும்பிச் செல்ல வீடு இல்லை. நம் பிள்ளைக்கு உண்டு, அது சிறியதாயினும்.

மற்றது, ஆங்கில நாவலாசிரியர் அலன் சிலிற்றோ 1959இல் வெளியிட்ட 'நெடுந்தூர ஓட்டக்காரனின் தனிமை'. பேக்கரியிற் களவாடி, போர்ஸ்டல் எனப்படும் இளைஞர் சீர்திருத்த இல்லத்திற்கு வந்த ஸ்மித் என்பவன் தன் கதையைத் தானே சொல்கின்றான். நன்றாக ஓடும் அவனைக் கொண்டு கிண்ணம் வெல்ல இல்லத்து அதிபர் விரும்புகின்றார். முன்னணியில் வந்த ஸ்மித், முடிவுக் கோட்டின் அருகே வேண்டுமென்றே நின்று, பிறன் வெல்ல விடுகின்றான். கீழ்ப்படிதலே திருந்துதல் என்று எண்ணுவோர்க்கு இக்கதை எரிச்சலூட்டும், ஊட்டுதற்கென்றே எழுதப்பட்டது. எம் வகுப்பில் இதனைப் படித்தபோது கொட்டகலைப் பக்கத்து மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஓடிப்போய்த்தான் அகப்படுகிறார்கள், இவன் நின்று அல்லவா தப்புகிறான்" என்றான். திறனாய்வாளர் பலர் பக்கம் பக்கமாக எழுதியும் காணாததை அவன் ஒரு வாக்கியத்திற் கண்டுவிட்டான். ஆயினும் ஸ்மித்தின் வெற்றியில் எமக்கு ஒரு மனக்குறை உண்டு. அவன் தன்மானத்தைக் காத்துக்கொண்டான். அதைப் பகிர ஒருவரும் இலர். தலைப்பே அதனை ஒப்புக்கொள்கின்றது. தனிமையை வலிமையென மயங்குதல் சிலிற்றோவின் தலைமுறை ஆங்கில எழுத்தாளரிடம் காணப்பட்ட ஒரு பழக்கம்.

இவ்விரண்டிற்கும் நடுவே வைத்தற்குரிய ஒரு கதை நம் மலைநாட்டிலேயே உண்டு. என். எஸ். எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து', 1980இல் அதே பெயரிலான தொகுதியில் நூலுருப் பெற்றது. அதிற் குற்றவாளி எவருமில்லை, நீதிமன்றும் இல்லை. இளம்பெண் ஒருத்தி எவரும் எதிர்பாராத அளவு கொழுந்து பறித்துவிடுகின்றாள். நிறையிற் சூது உண்டு என்று மலையிலே பேச்செழுகின்றது. அவள் அழுது அடங்கிவிடவில்லை. ஊரை விட்டு நீங்கவும் இல்லை. அதே மலையில், அதே பெண்கள் நடுவில், தன் கைத்திறனை மீளவும் காட்டுகின்றாள். கதை அவ்வளவே. ஐயுற்றவர் கண்முன்னே இரண்டாம் முறை தராசேறும் வாய்ப்பு அவளுக்குக் கிடைத்தது என்பதில் இக்கதையின் உயிர் உள்ளது. வேர்ணர் பின்னாளில் காவாய்த் தீவிற் கண்ட இரண்டாந் தவணையை ராமையா தேயிலை மலையில் முன்னரே கண்டுவிட்டார். நடையிலும் அவர் இரங்கவில்லை. அவள் கூடையை நிறுத்துக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றார். மலைநாட்டுச் சிறுகதைகளுள் இதனை முதல் வரிசையில் வைப்பார் சிலர் மொழிநடைக்காகவும், வேறு சிலர் தொழில் நுணுக்கத்திற்காகவும் வைப்பர். யாம் வைப்பது இதற்காக.

தவறிய சிறுவனின் கதையை எழுத முற்படுவோன் ராமையாவிடமிருந்து தொடங்கலாம் என்பது எம் கருத்து. இல்லத்திற்குச் செல்லும் பாதையைப் பலரும் எழுதிவிடுவர். அது கண்ணீருக்கு எளிது. திரும்பி வரும் பாதையே அரிது. பேருந்திலிருந்து இறங்கி, இஸ்தோப்பில் அமர்ந்திருப்போர் பார்க்க, லயத்தை நோக்கி அவன் நடக்கும் அந்த நூறு அடித் தூரத்தை எழுதுதல் வேண்டும். எவர் வீட்டில் வெள்ளிச் செம்பு காணாது போனாலும் முதலில் எவன் பெயர் எழும் என்பதை எழுதுதல் வேண்டும். செக்றோலில் அவன் பெயர் ஏறுமா, ஏறாதா. அவனை வேலைக்கு வைப்பதற்குக் கணக்கப்பிள்ளை என்ன காரணம் கேட்பார். இல்லத்திற் கற்ற தச்சு வேலைக்குத் தோட்டத்தில் இடமுண்டா என்பவை யாவும் கதைக்குரிய பொருள்களே.

மக்கரென்கோவின் நூலில் ஒரு நிகழ்ச்சி. முன்னாட் கள்வனான கரபானோவ் என்னும் இளைஞனை, பெருந்தொகைப் பணம் வாங்கிவரும்படி நகருக்கு அனுப்புகின்றார். அவன் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, எண்ணிப் பார்க்கும்படி வற்புறுத்துகின்றான். அவர் எண்ணாமலே மேசை அறைக்குள் இடுகின்றார். ராமையாவின் கதையிலோ எல்லார் முன்னிலையிலும் நிறை பார்க்கப்படுகின்றது. எண்ணாது ஏற்பதும் எல்லாரறிய நிறுப்பதும் ஒன்றுக்கொன்று முரணென்று முதலிற் றோன்றிற்று. இப்போது அவ்வாறு தோன்றவில்லை. இல்லத்தின் உள்ளே ஒருவரேனும் எண்ணாது ஏற்றாலன்றிச் சிறுவன் நிமிரமாட்டான். ஆனால் அவன் திரும்பிச் செல்லும் லயத்தில் மக்கரென்கோவைப் படித்தவர் இலர். அவர்கள் எண்ணத்தான் செய்வார்கள். அன்று தராசு நேராக நிற்கின்றதா என்பதைப் பார்க்கவும் அங்கே ஒருவர் இருத்தல் வேண்டும்.